கரையாத மாத்திரை

அத்தியாயம் ஆறு

மேசைமேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு மாத்திரை. அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர் நின்று, பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாந்தியில வந்தது சார்," என்றார் சூப்பர்வைசர் செந்தமிழன். "நானே எடுத்து, குழாயில அலம்பி, கவர்ல போட்டு வெச்சேன். எவிடென்ஸ்."

என் பக்கத்தில் நின்ற செந்தாமரை ஓரடி பின்னால் போனாள்.

"மாத்திரைய அலம்பினது சரி. கைய அலம்பினீங்களா சார்?"

அவர் கவரை மேசையில் நேராக நகர்த்தி வைத்தார். உள்ளே வந்ததும் அவருக்கு நான் கை கொடுத்திருந்தேன். தோளில் இருந்த துண்டில் என் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

என் பெயர் இராமச்சந்திரன். மண்ணூரில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று, போகிறவன் வருகிறவன் பையையெல்லாம் திறந்து பார்த்தே கிழவனானேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டது எவனையும் நம்பக்கூடாது என்பது. கோயில் விபூதி என்று பொட்டலத்தை நீட்டினாலும் பிரித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைப்பேன்.

செந்தாமரை என் அசிஸ்டென்ட். ஒரகடம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். கேஸ் வந்தால் ஆட்டோவோடு வருவாள். நான் வாடகைக்கு எடுப்பது ஆட்டோவை மட்டும்தான். அவள் வாய் இலவசமாகக் கூடவே வருகிறது.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி அது. எங்களைக் கூப்பிட்டது ஹெச்.ஆர். மேடம் சசிரேகா.

"விஷயம் சிம்பிள் ஐயா," என்றாள். "பாண்டிச்செல்வின்னு ஒரு பொண்ணு. சங்கரன்கோயில் பக்கம். மூணு வருஷமா கான்ட்ராக்ட்ல தைக்கறா. அடுத்த மாசம் பர்மனென்ட் ஆகணும். ஆனா ஒற்றைத் தலைவலின்னு அடிக்கடி லைனை விட்டு எழுந்து போயிடறா. மாத்திரை கொடுத்தாலும் கேக்கலைங்கறா. நடிப்புன்னு செந்தமிழன் சொல்றார். இன்னிக்கு நாலு மணிக்கு என்கொயரி. நடிப்புன்னு தெரிஞ்சா வேலை போயிடும். நீங்க நிரூபிச்சுக் கொடுங்க."

"நடிப்பு இல்லன்னா?"

"எப்படி சார் இல்லாம போகும்?" என்றார் செந்தமிழன். கவரைத் தட்டிக் காட்டினார். "நேத்து டீ பிரேக்ல நர்ஸ் இந்த மாத்திரையைக் கொடுத்தாங்க. லஞ்ச் டயத்துல வாந்தி எடுத்தா. உள்ள பாருங்க, மேல இருக்கற எழுத்துகூட அழியல. முழுங்கவே இல்ல சார். கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து, அப்புறம் துப்பிட்டு வாந்தின்னுட்டா."

"அது மட்டுமில்ல," என்று செல்போனை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டிச்செல்வி போட்ட ஸ்டேட்டஸ்: தலைவலி, யாரும் கூப்பிட வேண்டாம். அடுத்தது, அன்றைக்கு மத்தியானம் எடுத்த வீடியோ. ஹாஸ்டல் மொட்டை மாடியில் யாருக்கோ பிறந்தநாள். நடுவில் அதே பெண் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா மாத்திரை கேக்குது. திங்கக்கிழமை டூட்டின்னா கேக்கல. எப்படி சார்?"

நியாயமான கேள்வி. நான் யாரையும் நம்புவதில்லை. அந்தப் பெண்ணை நம்பாமல் இருப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது.

"நாலு மணிக்குள்ள முடிச்சிடறேன்," என்று கவரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அது நெஞ்சுகிட்ட கீது பெருசு," என்றாள் செந்தாமரை. "வாந்தி எட்த்த மாத்திர. பாத்துக்கோ."

காலையில் கேட்டில் என்னை அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். என் பையைச் சோதித்தவனுக்கு வேலை தெரியவில்லை. அடியில் கை விட்டே பார்க்கவில்லை. அந்த வெயிலுக்கும் கோபத்துக்கும் சேர்த்து என் மண்டை இடித்துக்கொண்டிருந்தது.

முதலில் அவள் தைக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று லைனுக்குப் போனோம். வாசலிலேயே இன்னொரு செக்யூரிட்டி மறித்தான்.

"பாக்கெட்ல இன்னா ஐயா? மாத்திர அட்டையா? உள்ள போவக் கூடாது."

"என் பிரஷர் மாத்திரப்பா. மத்தியானம் போடணும்."

"மாத்திர போவலாம். அட்ட போவக் கூடாது. தைக்கிற துணியில ஊசி முறிஞ்சி மாட்டிக்கினு கீதான்னு பாக்க ஒரு மிஷின் கீது. இந்த அட்டையில கீற அலுமினியத் தாளு ஒரு துண்டு உள்ள உழுந்தாலும் அது கத்தும். லைனே நின்னுடும்."

பிரஷர் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தான். அட்டையை வாங்கி டிரேயில் வைத்தான். இவன் நல்ல செக்யூரிட்டி. மனசுக்குள் பாராட்டினேன்.

உள்ளே ஐம்பது பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். செந்தமிழன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டி வைக்க ஓர் ஆணி இருந்தது. பாத்ரூமோ தண்ணீரோ, எதற்குப் போனாலும் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். லைனுக்கே ஒரே அட்டை. நாங்கள் நின்ற நேரம் முழுக்க அந்த ஆணி காலியாகத்தான் இருந்தது.

"எங்க ரேஷன் கடையில கூட இவ்ளோ கஷ்டம் இல்ல," என்றாள் செந்தாமரை.

பாண்டிச்செல்வி சிக் ரூமில் இருந்தாள். நேற்றைய வலி போய்விட்டது. முகம் மட்டும் துவைத்துப் பிழிந்த துணிபோல இருந்தது. பக்கத்தில் நர்ஸ் மீனம்மாள்.

நான் சுற்றி வளைப்பதில்லை. "நடிக்கிறியா?"

"நடிக்கத் தெரிஞ்சா எதுக்குத் தாத்தா சீட்டு தைக்கேன்? சீரியலுக்குப் போயிருப்பேம்லா."

செந்தாமரை சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நன்றாகப் பேசுகிறவர்களை நான் இன்னும் கொஞ்சம் குறைவாக நம்புவேன்.

"மாத்திரைய முழுங்கினியா?"

"முழுங்குனேன். நர்சக்கா வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தாங்க."

"நாக்கைத் தூக்கச் சொல்லியும் பாத்தேன் சார்," என்றார் மீனம்மாள்.

"கன்னத்த?"

"கன்னத்தைப் பாக்கல."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்டில் நின்ற காலத்தில் ஒருவன் தினம் திருகாணியைக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோனான். சிரிக்கவே மாட்டான். ஒருநாள் தும்மியபோது மாட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம போன வலி, திங்கக்கெழம ஏன் போவல?"

"எனக்கு என்ன தெரியும் தாத்தா? ரூம்லயும் இதே மாத்திரதான் போடுதேன். அங்க கேக்கு. இங்க கேக்க மாட்டேங்கு. தலைக்குக் கெழம தெரியுமா?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "மொதல்ல கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு மின்னும். அப்புறம் ஒரு பக்கமா ஆணி அடிச்சாப்ல இருக்கும். மிஷின் சத்தம் மண்டைக்குள்ள ஓடும். மூணு வருசம் ஓட்டிட்டேன். இன்னும் ஒரு மாசம்தான் இருந்துச்சு."

வெளியே வந்ததும் செந்தாமரை சொன்னாள்: "பெருசு, இந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெர்ல."

"பொய் சொல்றவங்க யாரும் அந்த மாதிரி தெரிய மாட்டாங்க."

"அப்போ உண்ம சொல்றவங்க எந்த மாதிரி தெரிவாங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரையும் பாக்கல."

பெண்கள் கை கழுவும் இடத்தில் லூர்தம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்று அங்கே சுத்தம் செய்தவள் அவள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த மாத்திர கதையா? அந்த சாரு மாத்திரைய மட்டும் பொறுக்கிக்கினு பூட்டாரு. மீதிய யாரு எட்த்துக்கினு போவா? நாந்தான் வாரிக் கொட்னேன். அத்தினியும் எலுமிச்ச சோறு. வேர்க்கல்ல முழுசு முழுசா. கறேப்பில கூட வாடல. எத்தினி தண்ணி ஊத்தினேன்னு எனக்குத்தான் தெரியும்."

எலுமிச்சை சாதம். என் மூளையில் பல்பு எரிந்தது.

"செந்தாமரை, தலவலின்னு படுத்தவ டீ பிரேக்ல எலுமிச்ச சாதம் துன்னுருக்கா. வலியே இல்ல. கேஸ் முடிஞ்சது."

"முடிஞ்சா கேன்டீன்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடலாம் பெருசு. எனக்கும் ஒரு போண்டா கெடைக்கும்."

கேன்டீனில் போண்டா கிடைத்தது. எலுமிச்சை சாதம் கிடைக்கவில்லை. நேற்று காலை டீக்குப் போண்டா. மத்தியானம் சாம்பார் சாதம். எலுமிச்சை சாதம் இந்த மாதமே போடவில்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்தார். நான் சத்தியத்தை நம்பவில்லை. குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். எலுமிச்சைத்தோல் ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் அந்தச் சாதம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் பிடிக்க வேண்டும்.

"வண்டிய ஹாஸ்டலுக்கு விடு."

ஆட்டோவில் டாஷ்போர்டுக்குக் கீழே செந்தாமரை ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பாள். மேலே வேளாங்கண்ணி மாதா படம். டப்பாவுக்குள் சில்லறை, சீப்பு, வாயுக்கு ஓமப் பொட்டலம். எவிடென்ஸை இனியும் நெஞ்சில் வைத்திருக்காதே என்று அவள் சொன்னதால் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் அந்த டப்பாவில் கொட்டினேன். வழியில் மத்தியான மாத்திரை ஞாபகம் வந்தது. டப்பாவில் கைவிட்டு எடுத்து, பாட்டில் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். லேசாகப் புளித்தது. வெயிலில் வாய் கெட்டுப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். எவனையும் நம்பாதவன் நாக்கை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

ஹாஸ்டல் என்றால் மூன்று மாடி வீடு. அறைக்கு ஆறு பெண்கள். சமையல் செய்யும் உலகம்மாள் அம்மிக்குப் பதில் மிக்ஸியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தெற்கத்திக்காரிதான்.

"எலுமிச்ச சோறா? நாந்தான் வச்சேன். ஞாயித்துக்கெழம பாதிப் பிள்ளைக வெளிய போயி திங்கும். சோறு மிஞ்சிரும். திங்கக்கெழம விடியக்காலம் எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு, கடலையப் போட்டுக் கிண்டிருவேன். எல்லா வாரமும் அதான்."

"பாண்டிச்செல்வி டப்பாவுல கட்டி எட்த்துக்கினு போனாளா?"

"டப்பாவையே கேட்ல விட மாட்டாங்கள்ல. சாப்பாடெல்லாம் கம்பெனி கேன்டீன்லதான். இங்க ஏழு மணிக்குத் தட்டுல போட்டேன். என் முன்னாலயேதான் தின்னா. ரெண்டாந்தரம் வேற வாங்குனா. அப்ப தலவலி ஒண்ணுமில்ல, நல்லாத்தான் சிரிச்சிக்கிட்டு பஸ் ஏறுனா."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் வெங்காயக் கூடை.

செந்தாமரை பயந்துபோனாள். "இன்னா பெருசு? பிரஷரா?"

"வண்டிய எடு," என்றேன்.

திரும்பும்போது ஒரகடம் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் நீளமான லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டின் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் டேங்கர், பஸ், கம்பெனி வேன்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே நின்றது. கத்தி என்ன பயன்? லாரி நகர்ந்தால்தானே?

"பாவம்," என்றாள் செந்தாமரை. "அஞ்சு நிமிஷம் முன்னால வந்திருந்தா போயிருக்கும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்போ இன்னா சொன்னே?"

"அஞ்சு நிமிஷம் முன்னாலன்னேன். ஏன், அதயும் நம்ப மாட்டியா?"

"அத நம்பறேன்," என்றேன்.

செந்தாமரை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என்னிடமிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

நாலு மணிக்கு சசிரேகா அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாண்டிச்செல்வி சுவரோரம் நின்றாள். மீனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில். லூர்தம்மாள் துடைத்த கதவையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். செந்தமிழன் ஜெயித்தவன்போல உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க ஐயா," என்றாள் சசிரேகா. "கன்னத்துல ஒதுக்கினாளா?"

"ஒதுக்கியிருக்கலாம். மாத்திர சின்னது." செந்தமிழனைப் பார்த்தேன். "ஆனா அவ வாந்தியில எலுமிச்ச சாதமும் வந்திருக்குது. காலைல ஏழு மணிக்கு ஹாஸ்டல்ல துன்னது. மத்தியானம் வரைக்கும் வேர்க்கல்ல முழுசா, கறேப்பில பச்சையா அப்படியே கீது. மாத்திரையக் கன்னத்துல ஒதுக்கலாம். ரெண்டு தட்டு சோத்த எந்தக் கன்னத்துல சார் ஒதுக்குவா?"

கதவுக்குப் பின்னால் லூர்தம்மாள், "அதத்தானே நான் காலைலயே சொன்னேன்," என்றாள்.

"சாப்பாடு செரிக்கலன்னா..." சசிரேகா இழுத்தாள்.

"வயிறு நின்னுபோச்சி மேடம். ஒரகடம் சிக்னல் மாதிரி. தலவலி வந்ததும் அவ வயித்துல லாரி குறுக்க நின்னுடுது. முன்னால போன சோறும் நவுராது, பின்னால போற மாத்திரையும் நவுராது. ஆம்புலன்ஸ் நல்ல ஆம்புலன்ஸ்தான். ரோடு இல்ல."

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்று எழுந்தார் செந்தமிழன். "அன்னிக்கு மட்டும் ரோடு எப்படி வந்தது?"

"ஞாயித்துக்கெழம மாத்திர எங்க இருந்துச்சி?" என்று பாண்டிச்செல்வியைக் கேட்டேன்.

"தலகாணிக்கு அடியில தாத்தா. கண்ணுல மின்ன ஆரம்பிச்சதும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"திங்கக்கெழம?"

"வேலைல உக்காந்த கொஞ்ச நேரத்துலயே மின்னிருச்சு. அட்டைய உள்ள கொண்டு வர முடியாதுல்ல. சிவப்பு அட்டை அமுதா கழுத்துல. அவ வந்தா அடுத்து இன்னொருத்தி. டீ பிரேக்குக்குத்தான் நர்சக்கா கிட்டப் போனேன். அதுக்குள்ள தல பொளந்துருச்சு."

"கேட்டீங்களா சார்? ஞாயித்துக்கெழம ஆம்புலன்ஸ் லாரிக்கு முன்னால போச்சி. திங்கக்கெழம பின்னால போச்சி. நடுவுல நிக்கறது உங்க ஆணியில தொங்குற அட்ட."

செந்தமிழன் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. "இதெல்லாம் பேச்சு சார். மாத்திரையே போலியா இருக்கலாம். கரையாத மாத்திரையா இருக்கலாம். எவிடென்ஸை எடுங்க, லேபுக்கு அனுப்புவோம்."

செந்தாமரை ஆட்டோவிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். திறந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

காலையில் பார்த்தது நீளமான வெள்ளை மாத்திரை. கவரில் இருந்தது ரோஸ் நிறத்தில் சின்ன வட்ட மாத்திரை.

"இது என் பிரஷர் மாத்திரை," என்றேன்.

செந்தாமரைதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "பெருசு," என்றாள், "அப்போ ஹாஸ்டலுக்குப் போச்சொல்ல நீ போட்டுக்கினது?"

செந்தமிழன் தன் கையைப் பார்த்தார். பாண்டிச்செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. லூர்தம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

இத்தனை வருஷம் அடுத்தவன் பையைச் சோதித்தவன், சொந்தப் பையில் இருந்ததைப் பார்க்காமல் வாயில் போட்டுவிட்டேன்.

மீனம்மாள் ஓடிவந்து என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். "மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. காலி வயிறு."

"உடம்பு என்ன பண்ணுது? தலை சுத்துதா? தலை வலிக்குதா?"

"தல வலி காலைல இருந்தே..." என்று கையைத் தலைக்குக் கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை பலமாகத் தட்டிப் பார்த்தேன். "இல்ல."

"இல்லையா?"

"காலைல மண்டைய இடிச்சிக்கினு இருந்துச்சி. இப்போ சுத்தமா இல்ல." எழுந்து நின்றேன். பட்டையும் என்னோடு எழுந்தது. "செந்தமிழன் சார், லேப் எதுக்கு? நான்தான் லேப். அவ வயித்துல டீ பிரேக்ல இருந்து லஞ்ச் வரைக்கும் முழுசா கெடந்த அதே மாத்திர, என் வயித்துல கரஞ்சி, வேலையும் செஞ்சிடுச்சி. மாத்திர போலி இல்ல. பொண்ணும் போலி இல்ல."

மீனம்மாள் மெதுவாகச் சொன்னார்: "சரிதான் சார். இந்த மாத்திரை மேல ஒரு பூச்சு இருக்கு. வயித்துல கரையாது. குடலுக்கு இறங்கினப்புறம்தான் கரையும். ஒற்றைத் தலைவலி வந்தா நிறையப் பேருக்கு வயிறு இறக்கறதை மெதுவாக்கிடும். அப்போ வாயால போட்ட மருந்து ரத்தத்துல சேர ரொம்ப நேரம் ஆகும். எங்க படிப்புலயே இருக்கு."

"இத முன்னாலயே ஏம்மா சொல்லல?"

"நீங்க கன்னத்தைப் பாத்தியான்னுதான கேட்டீங்க. வயித்தைப் பத்தி யாரும் கேக்கலையே."

அந்த அடி எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

சசிரேகாவும் சும்மா நம்புகிறவள் இல்லை. அந்த விஷயத்தில் அவளை எனக்குப் பிடித்தது. கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, நர்ஸ் சொல்வது சரி என்றார். வலி ஆரம்பிக்கும்போதே போட்டால்தான் பெரும்பாலும் கேட்கும், வாந்தியை நிறுத்தி வயிற்றை நகர்த்துகிற மருந்தும் உண்டு, அதற்கும் கேட்காதவர்களுக்கு ஊசி இருக்கிறது, மூக்கில் அடிக்கிற மருந்து இருக்கிறது, அந்தப் பெண்ணை நாளைக்கே என்னிடம் அனுப்புங்கள் என்றார். கடைசியாக, "அந்த மாத்திரையை முழுங்கின பெரியவர் யாரு? அவரையும் அனுப்புங்க," என்றார்.

சசிரேகா போனை வைத்தாள். செந்தமிழன் பக்கம் திரும்பினாள்.

"பாண்டிச்செல்வியோட மாத்திரையை அட்டையில இருந்து எடுத்து, கவர்ல போட்டு உங்க மேசையில வைங்க. கண்ணுல மின்னுதுன்னு அவ கையைத் தூக்கினா நீங்களே எடுத்துப் போய்க் கொடுக்கணும். சிவப்பு அட்டைக்காக உடம்புக்கு முடியாதவங்க யாரும் காத்திருக்க வேண்டாம்."

"தண்ணியுமா மேடம் நான் கொண்டு போகணும்?"

"தண்ணியும்தான்."

"கைய அலம்பிட்டு," என்றாள் செந்தாமரை.

பாண்டிச்செல்வி சுவரை விட்டு நகரவில்லை. "அப்ப பர்மனென்ட்டு மேடம்?"

"அடுத்த மாசம்தானே? அதுல மாத்தம் இல்ல. போய்த் தை."

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் துப்பட்டாவில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு வெளியே போனாள். சசிரேகா என் பக்கம் திரும்பினாள்.

"நடிப்புன்னு நிரூபிக்கத்தான் ஐயா உங்களைக் கூப்பிட்டேன்."

"யாரையும் நம்பாத ஆளு வேணும்னுதான கூப்ட்டீங்க? உங்களையும் சேத்துதான் நம்பல."

கேட்டில் அதே அரைகுறை செக்யூரிட்டி என் பையைத் திறந்து பார்த்தான். அடியில் கை விடச் சொல்லி நானே சொல்லிக்கொடுத்தேன். அங்கே பாண்டிச்செல்வி ஓடிவந்தாள். கழுத்தில் சிவப்பு அட்டை ஆடியது.

"தாத்தா, ரொம்ப நன்றி. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? மெய்யாவே முழுங்கிட்டீங்களா?"

"மெய்யாதான்."

"அய்ய. முழுங்கும்போது தெரியலையா?"

நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். செந்தாமரை வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"லேசா புளிச்சிருக்குமே பெருசு?"